என் குடலுக்கு ஆள் சேர்த்த கதை

அன்பும் அதட்டலும் ஒருங்கே அமைந்த அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். என் குடல் மட்டும் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

குடலில் புற்றுநோய் என்று உனக்கு அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து, "கூடப் பிறந்தவன், நீயும் பார்த்துக்கணும்டா" என்று ஓயாமல் சொல்லி வந்தாய். அப்புறம் எனக்கும் மலத்தில் ரத்தம் தென்பட்டது. மூலநோயாகத்தான் இருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் அல்லவா? குடலில் நல்ல கிருமிகளும் உண்டு, கெட்ட கிருமிகளும் உண்டு என்று எங்கோ படித்ததும் பழைய புத்தி தலைதூக்கியது. நல்லவர்களை நிறையச் சேர்த்தால் கெட்டவர்கள் தாமாகவே ராஜினாமா செய்துவிடுவார்கள் என்று, நல்ல கிருமி மாத்திரையும் தயிருமாக ஆள் சேர்ப்பில் இறங்கினேன். வயிறு ஊதிப்போய், நான் வாயைத் திறக்காமலே என் கருத்தை வீடே கேட்க வேண்டியதாயிற்று. "ஆள் எடுத்தது போதும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று என் மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

குழாய் விட்டுக் குடலைப் பார்க்க நாள் குறித்தார்கள். முந்தின நாள் பேதி மருந்து. நீயும் குடித்தவள், விவரிக்க வேண்டாம். நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவர்கள் எல்லாம் ஒரு நோட்டீஸ்கூட இல்லாமல் வெளியேறுவதைக் கழிவறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மனசு பொறுக்கவில்லை. காலையில் என் மனைவி குளிக்கப் போன நேரத்தில், ஒரு கிண்ணம் தயிரில் மாத்திரைகளைப் பிரித்துக் கொட்டி மடமடவென்று குடித்துவிட்டேன்.

"காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள் நர்ஸ்.

"பச்சைத் தண்ணிகூட இல்லம்மா."

"அப்ப மீசையில என்ன, தயிரா?"

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்து வேட்டு வைத்தன. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வயித்துல இதை வச்சுக்கிட்டு மயக்க மருந்து குடுக்க முடியாது, வேற நாள் வாங்க" என்றார். நல்ல கிருமிதானே டாக்டர், பார்த்துக்கொள்ளாதா என்று கேட்டேன். "தயிர் சாப்பிடுங்க, வேண்டாங்கல. உள்ள கட்டி இருந்தா தயிர் வந்து என்கிட்ட சொல்லாது. நான்தான் பாக்கணும்" என்றார்.

போகட்டும். இப்போது ரத்தம் நின்றுவிட்டது, உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. மறுபடி போய் அவர்களுக்கு வீண் சிரமம் கொடுப்பானேன்? நீ நிம்மதியாக இரு. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு வயிறார ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அருமைத் தம்பி

பின்குறிப்பு: ரத்தம் நிற்கவில்லை. இன்று காலையும் பார்த்தேன். என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் அன்று தயிரைக் குடித்தேன், அக்கா. கிருமிமேல் கரிசனமெல்லாம் சும்மா. வருகிற வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ புதன்கிழமையே வந்துவிடு. அந்தப் பரிசோதனை அறைக் கதவுக்கு வெளியே நீ உட்கார்ந்திருந்தால் நான் உள்ளே போய்விடுவேன்.