மீட்டர் சொன்ன எட்டு

"மாமா, மறுபடியும் இருட்டா இருக்காம்."

ஸ்டூடியோ வாசலில் மாப்பிள்ளை நின்றார். கையில் மனு, மனுவில் போட்டோ, போட்டோவின் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. காலையிலிருந்து இது இரண்டாவது.

ஸ்டூடியோக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் நேற்றுவரை அவர் எடுத்த படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மற்றவர்கள் எல்லாவற்றையும் கேமராவின் தலையில் கட்டிவிட்டுக் கொட்டாவி விடும் இந்தக் காலத்திலும், அவர் லைட் மீட்டரை எடுத்து, உட்கார்ந்திருப்பவரின் தாடைக்கடியில் நீட்டி, அதன் வெள்ளைக் குமிழில் விழும் வெளிச்சத்தை அளந்து, அது சொல்லும் எண்ணைக் கேமராவில் வைத்த பிறகுதான் பட்டனைத் தொடுவார். கட்டின மனைவி சொல்லி நம்பாததைக்கூட மீட்டர் சொன்னால் நம்புவார்.

அதுவும் இது சாதாரண மனுவா? வெளிநாட்டு வேலைக்கான மனு. இன்றுதான் கடைசி நாள், ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். வேலையோடு குடும்பத்துக்கு வீடும் தருகிறார்களாம். மாப்பிள்ளை தங்கமான மனுஷர், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டோடு வந்து தங்கிய இந்தப் பத்து மாதமாக மாமனாரின் சாய்வு நாற்காலி, மாமனாரின் செய்தித்தாள், மாமனாரின் துண்டு எல்லாம் முதலில் மாப்பிள்ளைக்கு, மிச்சம்தான் மாமனாருக்கு. இந்த வேலையும் கைநழுவினால் நாற்காலி நிரந்தரமாகப் போய்விடும்.

"நானே வந்து அந்த ஆபீசரைக் கேக்கறேன்!"

"மனு போட்டவங்களைத் தவிர யாரையும் உள்ள விடமாட்டாங்க மாமா."

"சரி, உட்காருங்க."

தாடைக்கடியில் மீட்டர் நீண்டது. எட்டு. காலையில் இரண்டு தடவையும் எட்டுதான்.

"எட்டுன்னா என்ன மாமா?"

"கேமரா கண்ணை எவ்வளவு திறக்கணும்னு கணக்கு. நம்பர் குறையக் குறையக் கண்ணு பெரிசாத் திறக்கும், படம் வெளுக்கும். மீட்டர் எட்டுங்குது. எட்டுன்னா எட்டுதான்!"

"ஆபீசர் இருட்டுங்கறாரே."

ஸ்டூடியோக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மீட்டரின் பேச்சை மீறினார். ஐந்து புள்ளி ஆறு. நெற்றி கொஞ்சம் பளபளத்தது. அச்சிட்டு, வெட்டி, ஒட்டி அனுப்பினார்.

முக்கால் மணி நேரத்தில் மாப்பிள்ளை திரும்பிவிட்டார்.

"கொஞ்சம் தேவலையாம் மாமா. ஆனா இன்னும் இருட்டுதானாம். ஜன்னல்கிட்டகூடத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாரு."

"ஜன்னல்கிட்டயுமா?"

மீட்டருக்குப் புது பேட்டரி போட்டார். எட்டு. ஊதினார், துடைத்தார், தட்டினார். எட்டு. மனுஷன் ஆடிப்போய்விட்டார். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத எதிர் ஸ்டூடியோக்காரரிடம் மானத்தை விட்டுப் போய் நின்றார்.

"உங்க மீட்டரைக் கொஞ்சம் தர முடியுமா? என்னோடது பொய் சொல்லுது."

எதிர் ஸ்டூடியோக்காரர் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தவர்போலச் சிரித்துக்கொண்டே மீட்டரோடு கூடவே வந்தார். மாப்பிள்ளையின் தாடைக்கடியில் இரண்டு மீட்டர்கள் நீண்டன. இரண்டும் எட்டு. ஐந்து புள்ளி ஆறில் எடுத்த படம் திரும்பி வந்த கதையைக் கேட்டதும் அவருடைய சிரிப்பு நின்றது.

"ஐயோ, அப்ப என்னோடதும் கெட்டுப்போச்சா?"

வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகமாகத் தன் கடைக்கு ஓடினார்.

அடுத்து நாலு. மாப்பிள்ளையின் முகம் பல் டாக்டர் விளக்கடியில் உட்கார்ந்ததுபோல வெளுத்தது. அதுவும் திரும்பி வந்தது. மணி மூன்றே முக்கால்.

"இன்னும் ஒரு சுத்து வெளிச்சம் வேணுமாம் மாமா."

இரண்டு புள்ளி எட்டு. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். அச்சில் வந்ததை அவரே இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். காதுகள் பின்னால் இருந்த வெள்ளைத் திரையோடு கரைந்துவிட்டன. மூக்கு இருந்த இடத்தில் இரண்டு துளைகள். மேலே இரண்டு புருவங்கள் தனியாக மிதந்தன.

மாப்பிள்ளை முகம் கழுவப் போன நேரத்தில், மாடியிலிருந்து இறங்கி வந்த மனைவி அதை எட்டிப் பார்த்தாள்.

"ஐயையோ! மாப்பிள்ளை மூக்கு எங்கங்க?"

"கத்தாதே. மீட்டர் சொல்றபடி எடுத்தா மூக்கு இருக்கும். மாப்பிள்ளையும் இங்கயே இருப்பாரு."

மனைவி படத்தை அவர் பக்கமே தள்ளினாள்.

"மூக்கு கிடக்கு, அனுப்புங்க."

மாப்பிள்ளை போனதும் ஸ்டூடியோக்காரருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்து கடைசியில் கழுத்தறுத்துவிட்டதே என்று மீட்டரை எடுத்து, தரை துடைக்கும் பக்கெட்டில் வீசினார். அது இரண்டு குமிழி விட்டு அடியில் போய் உட்கார்ந்தது.

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாப்பிள்ளை ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"ஓகே ஆயிடுச்சு மாமா! இப்பதான் முகம் தெளிவா இருக்குன்னு சொல்லி சீல் குத்திட்டாரு!"

"அந்தப் படமா? மூக்கில்லாததா?"

"அதேதான்!"

ஸ்டூடியோக்காரர், எப்படியோ போகட்டும், நாற்காலி திரும்பி வந்ததே என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். மனைவி ஸ்வீட் எடுக்க மாடிப்படி ஏறினாள்.

"நாளைக்கு ஒரு சின்ன வேலை பாக்கி மாமா. பெரிய ஆபீசர் அந்தப் போட்டோவையும் என் முகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பாராம். ஒத்துப்போகலைன்னா மனு தள்ளுபடி. அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் போட முடியுமாம்."

மனைவி நாலாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வருஷமா?" ஸ்டூடியோக்காரர் உடனே சமாளித்துக்கொண்டார். "இருக்கட்டும். சின்னவர் கண்ணுக்குத் தெளிவாத் தெரிஞ்ச மூக்கு பெரியவர் கண்ணுக்குத் தெரியாமலா போகும்?"

மாப்பிள்ளை ஸ்டூடியோ மூலையில் கிடந்த மாமனாரின் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

"பெரியவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு மாமா. கவுண்டர்ல இருக்கற சின்னவருதான் பாவம், கண் ஆபரேஷன் பண்ணி நாலு நாளா கறுப்புக் கண்ணாடியைக் கழட்டாமலே உட்கார்ந்து போட்டோ பார்க்கறாரு."