பொழுதுபடும் வரைக்கும் ஓடுகிற மெசின்

"அரை மணித்தியாலம்கூடச் சார்ச் நிக்குதில்லைப் பிள்ளை. விடியப் போட்டால் பொழுதுபடுமட்டும் ஓடோணும். செய்வியோ?"

கமக்காரர் அப்புத்துரை மேசையில் வைத்தது கையடக்க கேம் மெசின். தாட்சாயினி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முரசுமோட்டையில் போன் திருத்தும் கடை போட்டு மூன்று மாதம். உடைந்த கண்ணாடி மாற்றியே அலுத்துப்போயிருந்தாள். 'பொம்பிளைப் பிள்ளைக்கு இது சரிவராது' என்ற சந்திக்காரரின் வாயை அடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்?

"ஓம் ஐயா, செய்யலாம். ஆர் விளையாடுறது?"

"கதிர் முத்துற நேரம், மயில் நிண்டு அழிக்குது. வயலுக்குப் போகோணும். நாளைக்குப் பின்னேரம் வாறன்." மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

மெசினைப் போட்டுப் பார்த்தாள். கார்ப் பந்தயம். ஒருவரும் தொடாமலே கார்கள் உறுமின. எதிர்த் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வயல் வரம்பில் குந்தியிருந்து மனுசன் நாள் முழுக்கக் கார் ஓட்டுகிறாராக்கும். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வயலுக்கு மருந்தடிக்கும் மெசினின் பற்றரியைக் கொண்டுவந்து பூட்டினாள். சார்ச் நின்றுபிடித்தது, மூடி மூடவில்லை. மூடியை வெட்டிப் பெரிதாக்கினாள். இப்போது தோசைக்கல்லாய்ச் சுட்டது. பழைய கொம்பியூட்டரில் இருந்த காற்றாடியை உள்ளே வைத்தாள். சூடு தணிந்தது, ஆனால் ஸ்பீக்கருக்கு இடமில்லை.

பக்கத்துக் கடைக் கிருசாந்தன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, செங்கல்லோ?"

"போடா. இது புது மொடல்."

ஸ்பீக்கரைக் கழற்றிக் குப்பைக்குள் போட்டாள். இயர்போன் கொளுவ ஒரு வழி செய்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

அடுத்த நாள் பின்னேரம் அப்புத்துரை மனைவி இராசமலரோடு வந்தார்.

"ஐயா, விடிய அஞ்சு மணிக்குப் போட்டனான், இப்பவும் ஓடுது. சத்தமும் துப்பரவா வெளியிலை வராது. இதைக் காதிலை கொளுவினால் சரி. பக்கத்து வயல்காரருக்கும் கரைச்சலில்லை."

அப்புத்துரை மெசினைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். இராசமலர் இயர்போனைக் கையில் எடுத்து அங்குமிங்கும் திருப்பிவிட்டுச் சொன்னாள்.

"வடிவாத்தான் செய்திருக்கிறாய் பிள்ளை. நாங்கள் இதை வயலுக்கை தடியிலை கட்டித் தொங்கவிடுறனாங்கள். இனி இந்த வயரை மயிலின்ரை காதிலை ஆர் போய்க் கொளுவுறது?"