இளமாறனைத் தேடிப் போன பதினோரு வள்ளங்கள்

தங்கச்சிமடம்,
16-9-1958, செவ்வாய்க்கிழமை.

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் பத்திரிகையின் ஏழு வருஷச் சந்தாதாரனும், இவ்வூர் மாதா கோயிலில் மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைக்கும் கோயில்பிள்ளையுமாகிய சூசைமுத்து தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் சம்சாரம் யாகப்பம்மாளும் சர்வேசுரன் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் தங்களுக்கும், அச்சுக் கோக்கிறவர்களுக்கும், படம் போடுகிறவருக்கும் சகல க்ஷேமமும் உண்டாக வேண்டிக்கொள்கிறேன். தொடர்கதை எழுதுகிறவருக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டிக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் கீழே வருகிறது.

மேலே கோயில்பிள்ளை என்று போட்டுக்கொண்டேனே, அது போன ஞாயிறு வரைக்கும்தான். இன்றைக்கு மணிக்கயிறு என் கையில் இல்லை. பங்குச் சாமியார் கோயில் சாவியை வாங்கித் தன் அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். இருபத்தாறு வருஷம் பிடித்த கயிறு. எல்லாம் தங்கள் பத்திரிகையில் வரும் 'வலம்புரிச் சிறை' என்னும் சரித்திரக் காதல் கதையால் வந்த வினை.

தங்களுக்கு ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டாலும் எனக்கு இருக்கிறது. முப்பதாம் அத்தியாயத்தில் பாண்டிய இளவரசன் இளமாறன், கல்யாணத்துக்கு நாள் குறித்த கயல்விழியைக் கரையில் நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனான். அங்கே ஒரு மந்திரக்காரி அவனைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கி வலம்புரிச் சங்குக்குள் அடைத்துவிட்டாள். இப்போது எழுபத்தோராம் அத்தியாயம். நாற்பத்தொரு வாரமாக உள்ளேயே இருக்கிறான். ஐயா, எங்கள் பக்கத்தில் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துப் போட்ட மூன்றாம் நாள் சங்குக் குவியல் பக்கம் மூக்கைக் காட்ட முடியாது. அதற்குள் ஒரு ராஜகுமாரன் சந்தன வாசனையோடு உட்கார்ந்து கவி பாடுகிறானாம். சரி, மந்திரம் என்று விட்டுவிடுகிறேன். ஆடி மாசத்துக் கச்சான் காற்று மேற்கேயிருந்து முகத்தில் அறைகிறபோது அவன் தோழன் ஈழத்திலிருந்து பாய் விரித்து ஒரே ராத்திரியில் இந்தக் கரைக்கு வந்தானே, அது எந்த மந்திரம்? தங்கள் கதாசிரியரை ஒரு நாள் எங்கள் சகாயத்தின் வள்ளத்தில் ஏற்றி அனுப்புங்கள், குடல் வாய்க்கு வந்துவிடும்.

என் சம்சாரத்துக்கு எழுத்து வாசனை கிடையாது. வியாழக்கிழமை தோறும் பாம்பன் ஸ்டேஷனிலிருந்து சலாஹுதீன் பாய் சைக்கிளில் புத்தகம் கொண்டுவருவார். புத்தகக் கட்டு ரயிலை விட்டு இறங்கியதுமே அவர் படித்துவிடுவார். யாகப்பம்மாள் வாசலிலேயே நின்று, "என்ன பாய், வெளிய வந்துட்டானா?" என்பாள். "இல்லத்தா, இந்த வாரமும் உள்ளதான் கெடக்கான்," என்று தன் வீட்டுப் பிள்ளைக்கு வருத்தப்படுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். பிறகு நான் வாசிக்க வேண்டும். கடைசியில் 'தொடரும்' என்று போட்டிருப்பதையும் வாசிக்க வேண்டும். நான் அதை விழுங்கிவிட்டால், "ஏன், இந்த வாரம் அது போடலையா?" என்று பதறுவாள்.

வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லாவிட்டால் தங்களுக்கு விளங்காது. எங்களுக்கு ஒரே பிள்ளை, பெஞ்சமின். இருபத்திரண்டு வயசு. மூன்று வருஷத்துக்கு முன் கார்த்திகை மாசம் சின்ன வள்ளத்தில் தனியாகப் போனான், வரவில்லை. ஊரே தேடியது. மூன்றாம் நாள் வாடைக் காற்று எழும்பியது. இனியும் விட்டால் தேடப் போனவர்களும் வரமாட்டார்கள் என்று பயந்து, எல்லாரையும் கரைக்குத் திரும்பச் சொல்லிக் கோயில் மணியை அடித்தேன். அடித்தவன் நான்தான். வேறு யார் அடிப்பார்கள், அது என் வேலை. அதைப் பற்றி யாகப்பம்மாள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அதற்கு முன்னெல்லாம் பிள்ளை பேரைச் சேர்த்து என்னைப் பெஞ்சமினய்யா என்று கூப்பிடுவாள். அதற்குப் பிறகு 'இந்தாங்க' என்பதோடு சரி.

செத்த பிள்ளைக்கு ஆத்துமப் பூசை வைக்க வேண்டாமா? மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவன் கிடந்து தவித்தால் யார் வந்து மீட்பது? கேட்டுக் கேட்டு என் வாய் வலித்துவிட்டது. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால்தான் இறங்கி வந்தாள். "அந்தப் பிள்ளை சங்க விட்டு வெளிய வரட்டும். அன்னைக்கு நம்ம பிள்ளைக்குப் பூசை வைப்போம்," என்றாள். அப்பாடா என்று ஒத்துக்கொண்டேன். ஒரு மனுஷன் சங்குக்குள் எத்தனை வாரம் இருப்பான், மிஞ்சிப்போனால் ஐந்து என்று நினைத்தேன். தங்கள் கதாசிரியரைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. ஐம்பத்தைந்தாம் அத்தியாயத்தில் பொறுமை போய் நானே சங்கை உடைத்துவிட்டேன். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் இல்லாததை வாசித்தேன். பாறையில் மோதிச் சங்கு பிளந்தது, இளமாறன் வெளியே வந்தான், கயல்விழி ஓடிவந்து கட்டிக்கொண்டாள், சுபம். யாகப்பம்மாள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "நல்லாத்தான் இருக்கு. இப்ப அதுல போட்டிருக்கிறத வாசிங்க," என்றாள்.

இனிமேல்தான் விபரீதம். ஞாயிறு பூசையில் இன்னின்னதற்கு வேண்டிக்கொள்ள வேண்டும் என்று சனிக்கிழமை சாயங்காலம் அவரவர் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், நான் அதை நல்ல எழுத்தில் ஒரே தாளில் எழுதிச் சாமியாரிடம் கொடுப்பது முறை. போன சனிக்கிழமை, மறுநாள் சிலுவைத் திருநாளாச்சே என்று குத்துவிளக்கையும் மெழுகுவர்த்தித் தண்டையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் புளி. சீட்டுகளைப் பார்க்காமல் அப்படியே கொடுத்துவிட்டேன். என் சம்சாரம் பக்கத்து வீட்டு ஜோதிமேரியை விட்டு ஒரு சீட்டு எழுதிப் போட்டிருக்கிறாள் என்று எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? சாமியார் திருவாடானைப் பக்கத்துக்காரர், வந்து இரண்டு மாசம், ஊரில் யார் பேரும் தெரியாது. ஞாயிறு பூசையில் கணீரென்று வாசித்தார்: "கடலில் காணாமற்போன இளமாறன் பத்திரமாய்க் கரை வந்து சேர, ஒரு தாயாரின் வேண்டுதல்."

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் ஆளைக் காணோம் என்று கோயிலில் சொல்லிவிட்டால் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்று எவனும் கேட்கமாட்டான். முதலில் வள்ளத்தைத் தள்ளுவான், கேள்வி பிறகு. சகாயம்தான் முதலில் எழுந்தான். அவன் பின்னால் ஆம்பிளைகள் அத்தனை பேரும் சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். பதினோரு வள்ளம். பூசை பாதியில் நிற்கிறது, சாமியார் முன்னால் பொம்பிளைகளும் குழந்தைகளும் நானும்தான். பேரைக் கேட்டதுமே அது யார் எழுதவைத்த சீட்டு என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். யாகப்பம்மாள் முழந்தாளில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

பொழுது சாய வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக வந்த சகாயம் சட்டையெல்லாம் உப்புப் பூத்துப்போய் மணலில் உட்கார்ந்து, "மாமா, ஒண்ணும் கெடைக்கல. அவன் ஆத்தா யாரு, எங்கன இருக்கு? நான் போயி என்னத்தச் சொல்லுவேன்?" என்று அழுதான். யாகப்பம்மாள் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள்.

"நல்லாத் தேடுனீகளாப்பா?"

"குருசடைத் தீவு தாண்டிப் போய்த் தேடுனோம் அத்தை."

"நடுவுல மணி அடிச்சு யாரும் உங்களக் கூப்பிடலையே?"

"இல்ல அத்தை. இருட்டுனப்பெறகுதான் திரும்புனோம்."

"அது போதும்ப்பா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகுதான் ஜோதிமேரி ஓவென்று அழுது, "சாமி, அது கதையில வர்ற ராசா மகன் சாமி, யாகப்பம்மா அத்தை சொல்லித்தான் எழுதுனேன்," என்று உடைத்தாள். ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது. யாராவது ஒருத்தன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருத்தனும் திட்டவில்லை. எல்லாருக்கும் பெஞ்சமினைத் தெரியும். சாமியார் மட்டும் சாவிக்குக் கை நீட்டினார். அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

ஆகவே ஐயா, காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். இரண்டே வாரத்தில் இந்தக் கதையை முடித்துவிடுங்கள். இளமாறனை உயிரோடு கொண்டுவருவீர்களோ, கொன்றுபோடுவீர்களோ, எப்படியாவது சங்கைவிட்டு வெளியேற்றுங்கள். என் பிள்ளைக்கு நான் பூசை வைக்க வேண்டும். தவறினால் என் சந்தாவை நிறுத்திவிடவும்.

தங்கள் குடும்பத்தில் சின்னவர் பெரியவர் அனைவருக்கும் தேவமாதா துணை இருப்பாளாக. கடல் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுப் போகவும். யாகப்பம்மாள் குழம்பு நன்றாக வைப்பாள்.

இப்படிக்கு,
வே. சூசைமுத்து

பி.கு. (வியாழக்கிழமை): இதைத் தபாலில் சேர்க்குமுன் புதுப் புத்தகம் வந்துவிட்டது. சலாஹுதீன் பாய் வாசலில் நிற்கவேயில்லை, கொடுத்ததும் சைக்கிளை மிதித்துவிட்டார். எழுபத்திரண்டாம் அத்தியாயத்தில் சங்கு ஒரு வலையில் ஏறிவிட்டது. அடியில் தொடரும் என்று போடாமல், 'அடுத்த இதழில் முடியும்' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். சந்தோஷத்தில் அதையும் வாசித்து, இந்தக் கடிதத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியாதாக்கும்? நீங்க மணி அடிக்கையிலயே தெரியும். நீங்க அடிச்சது சரிதான், நாலு வீட்டுப் பிள்ளைக பொழச்சுச்சு. ஆனா பூசைய வச்சிட்டா, அதுக்கப்பறம் அவனுக்குன்னு காத்துக்கிட்டிருக்க இங்கன யாரு இருக்கா? இன்னுங் கொஞ்ச நாள் அந்தச் சங்குக்குள்ளயே கெடக்கட்டும், பெஞ்சமினய்யா."

மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னை அப்படிக் கூப்பிட்டாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். கடிதம் பிந்திவிடுமோ என்று பயந்து, சங்கை உடைக்க வேண்டாம் என்று பாம்பனில் தந்தியும் கொடுத்திருக்கிறேன். தந்தி வாங்கிய குமாஸ்தா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த வலையில் ஒரு கிழிசல் இருந்ததாக எழுதுங்கள். எல்லா வலையிலும் இருக்கும். சங்கு மறுபடி தண்ணீரில் விழட்டும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இனி நான் குறை சொல்லமாட்டேன். சந்தாவையும் நிறுத்த வேண்டாம். அடியில் தொடரும் என்று மட்டும் போடுங்கள், நான் அதை விழுங்காமல் சத்தமாக வாசிக்கிறேன்.