இருபது கஜ தர்மவான்

மான் வேட்டைக்காரர்களில் இரண்டு வகை உண்டு. துப்பாக்கிக்காரர்கள் முதல் வகை. அவர்கள் நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் ஆரஞ்சு நிற மேல்கோட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போவார்கள், சுடுவார்கள், பீர் குடிப்பார்கள், வீட்டுக்கு வந்து தூங்குவார்கள். மானைத் தவிர வேறு யாருக்கும் அவர்களால் தொந்தரவில்லை. வில்லுக்காரர்கள் இரண்டாம் வகை. இதில் ஓர் அபூர்வ உட்பிரிவு இருக்கிறது. அபூர்வம் என்றா சொன்னேன்? எங்கள் மேற்கு விஸ்கான்சினில் ஊருக்கு ஒன்று நிச்சயம். அதற்கு ‘வில்லெடுத்த தர்மவான்’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பத்துப் பேர் நடுவில், ஒரு மான் அடித்தேன் என்று சொல்லிப் பாருங்கள். ஒன்பது பேர் கொம்பில் எத்தனை கிளை என்று கேட்பார்கள். பத்தாவது ஆள் மட்டும் கையிலிருக்கும் குவளையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கி, “எத்தனை கஜம்?” என்று தூரம் கேட்பார். இருபத்தைந்து என்றால் ஒரு பெருமூச்சு. முப்பது என்றால் இடமும் வலமுமாக ஒரு தலையாட்டல். முப்பத்தைந்து என்று வாய் தவறிச் சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். அன்றைக்கு அவர் பேசி முடிப்பதற்குள் உங்கள் தட்டிலிருக்கும் மீன் ஆறிப்போகும்.

எங்கள் ஊரில் அந்தப் பத்தாவது ஆள் ஆர்வின் ஹேகன். பாலாடைக்கட்டி ஆலையில் தரம் பார்க்கிற வேலை, வயது ஐம்பத்தேழு, மனைவி பெயர் மார்லிஸ். இவர்கள் வீட்டுக் கீழறைக்குள் இறங்கிப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும். கப்பியும் கம்பியுமாக ஆறு வில்கள் சுவரில் தொங்கும், அதில் இரண்டு ‘விற்கப்போகிறேன்’ என்று நாலு வருஷமாகத் தொங்குபவை. அரிசிமணி எடைகூடக் காட்டும் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து வரிசைப்படுத்திய அம்புகள். அசையாத பிளேடு வைத்த அம்புமுனை ஒரு டப்பாவில், உடம்பில் பட்டதும் விரிகிற முனை இன்னொரு டப்பாவில், இரண்டில் எது நல்லது என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டால் உட்கார ஒரு நாற்காலி. வாசனையில்லாத சோப்பில் துவைத்து, வெயிலில் காயவைத்து, ஓக் இலைச் சருகோடு மூடி வைத்த காட்டுத் துணிகள். செப்டம்பர் பிறந்தால் ஆர்வின் பூண்டு தொடமாட்டார். அக்டோபர் பிறந்தால் வீட்டில் வெங்காயம் வதக்கக்கூடாது, மான் மோப்பம் பிடித்துவிடும் என்று.

“மான் உன்னை மோந்து பாக்கக் கூடாதுன்னா நீ எதுக்குக் காட்டுக்குப் போறே? வீட்லயே இரேன்” என்று மார்லிஸ் ஒரு வருஷம் கேட்டுப் பார்த்தார்.

பயிற்சி வேறு இருக்கிறது. தினமும் மாலை ஐந்து மணிக்குப் பின்கட்டில் நிற்கும் ரப்பர் மானுக்கு அபிஷேகம். காட்டில் பரண்மேல் உட்கார்ந்துதானே அடிக்க வேண்டும், அதனால் கார் கொட்டகைக் கூரைமேல் ஏறி நின்று அடிப்பார். காட்டில் கம்பளி உடை போட்டிருப்போமே, அதனால் ஜூலை வெயிலிலும் கம்பளி உடை. தபால்காரர் முதல் தடவை பார்த்தபோது வண்டியை விட்டு இறங்கவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: மனுஷன் நன்றாக அடிப்பார். அறுபது கஜத்தில் நின்று அஞ்சு அம்பு விட்டால் அஞ்சும் ஒரு தட்டுக்குள் நிற்கும்.

“அதெல்லாம் ரப்பருக்கு. காட்டுல இருபதே கஜம்தான். அம்பு போய்ச் சேர்றதுக்குள்ள நிஜ மான் ஒரு அடி எடுத்து வச்சிடும். நெஞ்சுக்குப் போறது வயித்துக்குப் போயிடும். அந்தப் பாவம் நமக்கெதுக்கு?” என்பார். மிகச் சரியான பேச்சு. தர்மவானோடு நமக்கிருக்கும் தொல்லையே அதுதான். அவர் சொல்வது சரியாக இருந்து தொலைக்கும்.

போன வருஷம் இதில் மாட்டிக்கொண்டவர் டெல்மர் ஸ்டான்கோ. ஆர்வினின் காட்டுத்துண்டுக்கு அடுத்த நிலம் அவருடையது. மாடு வைத்துப் பால் கறக்கிறவர், அதிகம் பேசமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, ஊரே மீன் வறுவலுக்குக் கூடும் ரோஸி கடையில், அவராகவே சொன்னார்: மான் ஒன்றை அடித்தேன், சரியாகப் படவில்லை, இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை என்று. சொல்லும்போது குரல் கம்மியது. ஆர்வின் குவளையைக் கீழே வைத்தார்.

“எத்தனை கஜம்?”

“முப்பத்தஞ்சு இருக்கும்.”

“அது வேட்டை இல்லப்பா, டெல்மர். அது வேண்டுதல்.”

கடையே சிரித்தது. டெல்மர் முள்கரண்டியால் கோஸ் துருவலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு நாற்பது நிமிஷம் ஆர்வின் பேசினார். எங்கள் பக்கத்தில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது மரியாதை. அன்றிலிருந்து ஆர்வின் வண்டியைக் கண்டால் டெல்மர் விரல் எழும்பவில்லை. ஆர்வினுக்கு அது ஏன் என்று அந்த வருஷம் முழுக்கப் புரியவில்லை. நல்லதைத்தானே சொன்னோம் என்று மார்லிஸிடம் சொன்னார்.

சரி, இந்த வருஷத்துக்கு வருவோம். நவம்பர் முதல் வாரம், ஆண் மான்கள் பெட்டை தேடிப் புத்தி கெடும் வாரம். சனிக்கிழமை காலை ஏழு இருபது. பரணில் உட்கார்ந்திருந்த ஆர்வின் முன்னால் பத்துக் கிளைக் கொம்போடு ஒரு மான் வந்து, சரிவில் பக்கவாட்டில் நின்றது. இப்படி ஒன்று பதினாலு வருஷமாக அவருக்கு வாய்க்கவில்லை. தூரம் காட்டும் கருவியைக் கண்ணில் வைத்தார். நாற்பத்து மூன்று.

கருவியை உள்ளே போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? அதைத்தானே ஊருக்கெல்லாம் சொன்னார்? ஆனால் ஆர்வின் மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்துவிட்டான். காற்றே இல்லையே. மான் நிதானமாக நிற்கிறதே. இருபது கஜம் என்பது யாருக்கு? பயிற்சி இல்லாதவனுக்கு. நான் தினமும் அறுபதில் அடிக்கிறவன். வக்கீல் வாதத்தை முடிப்பதற்குள் வில் வளைந்துவிட்டது. அம்பு போனது. மான் ஓர் அடி எடுத்து வைத்தது. ஒரே ஓர் அடி.

முதுகைக் கூனிக்கொண்டு, ஓடாமல், மெல்ல நடந்து, கம்பிவேலியைத் தாண்டி டெல்மரின் காட்டுக்குள் போய் மறைந்தது. ஆர்வின் இறங்கி வந்து அம்பை எடுத்து முகர்ந்தார். சாணிப் புளிப்பு வாடை. வயிறு. முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்து என்ன என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஜில்லாவில் கிடையாது. வயிற்றில் அடிபட்ட மான் கொஞ்ச தூரத்தில் படுத்துக்கொள்ளும். உயிர் போக மணிக்கணக்காகும். அவசரப்பட்டுத் துரத்தினால் எழுந்து மைல்கணக்கில் ஓடி எங்கேயோ செத்து அழுகும். எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அப்புறம் தேட வேண்டும். ஆனால் தேட வேண்டிய காடு டெல்மருடையது. வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். கேட்டால் டெல்மர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

சமையலறையில் வந்து உட்கார்ந்தார். நடந்ததை மார்லிஸிடம் சொன்னார், கஜத்தை மட்டும் விட்டுவிட்டு. பிறகு மத்தியானம் வரை கடிகாரத்தைப் பார்த்தார். தர்மவானுக்குத் தர்மம் எப்போது கைகொடுக்கும் தெரியுமா? இந்த மாதிரி நேரத்தில்தான்.

“அடுத்தவன் நிலத்துல அனுமதியில்லாம கால் வைக்கக் கூடாது. அது தப்பு” என்றார் ஆர்வின்.

“அதனால?”

“அதனால ஒண்ணும் பண்றதுக்கில்ல.”

“அனுமதி கேட்டா டெல்மர் மாட்டேன்னா சொல்லுவார்?”

“கேக்கலாம். அவரைச் சங்கடப்படுத்தற மாதிரி இருக்குமேன்னு பாக்கறேன்.”

“யாரை?” என்றார் மார்லிஸ்.

ஆர்வின் ஜன்னலைப் பார்த்தார். மார்லிஸ் அலமாரியைத் திறந்து நாலு பெரிய வெங்காயத்தை எடுத்துப் பலகையில் வைத்தார். அடுப்பில் வாணலியை ஏற்றி வெண்ணெய் போட்டார்.

“என்ன பண்றே?”

“நீதான் இனிமே காட்டுக்குள்ள போகப் போறதில்லயே. நரி தின்னட்டும்னு விட்டாச்சு. அஞ்சு வாரமாச்சு, எனக்கு வெங்காயம் வேணும்.”

மூன்று மணிக்கு ஆர்வின் தொப்பியை எடுத்தார். டெல்மர் வீடு கால் மைல். வழி நெடுக வாய்க்குள் ஒரு கணக்கு. இருபத்தெட்டு என்றால் நம்புவாரா? முப்பது? முப்பதுக்கு மேல் நாக்கு எழவில்லை.

டெல்மர் மாட்டுக் கொட்டகையில் இருந்தார். “டெல்மர்” என்றார் இவர். “ஆர்வின்” என்றார் அவர். எங்கள் பக்கத்தில் வீடு பற்றி எரிந்தாலும் முதலில் வானிலையைப் பேசிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பார்கள்.

“குளிர் ஒண்ணும் அதிகமில்ல.”

“இல்ல.”

“சோளம் அறுத்தாச்சா?”

“கீழ வயல் பாக்கி.”

“மான் ஒண்ணு அடிச்சேன், டெல்மர். உன் காட்டுக்குள்ள வந்துருச்சு.”

“எப்ப?”

“காலைல ஏழு இருபது.”

“அம்புல என்ன வாடை?”

“வயிறு.”

டெல்மர் சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டார். “அப்ப இப்பக் கெளம்பினா சரியா இருக்கும். நாயைக் கூட்டிட்டு வரேன், நில்லு.”

“முப்பது கஜம் இருக்கும்” என்றார் ஆர்வின்.

“நான் கேக்கலியே” என்றார் டெல்மர்.

வந்தது ஒரு குட்டைக்கால் நாய். வயிறு தரையில் இழுபடாத குறை. கழுத்தில் நீளமான தோல்வார். ரத்த வாடை பிடிக்கப் பழக்கிய நாய் என்று பார்த்ததும் ஆர்வினுக்குத் தெரிந்துவிட்டது.

“இது எப்பலேர்ந்து?”

“போன வருஷம் அந்த மான் கெடைக்காம போச்சே, அதுக்கப்புறம் வாங்கினேன். தெனம் பழக்கறேன். இனிமே ஒண்ணைக்கூட விடக் கூடாதுன்னு.”

நாற்பது நிமிஷம் பேசியது ஆர்வின். வருஷம் முழுக்கச் செய்தது டெல்மர்.

மான் நின்ற இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். டெல்மர் அங்கே நின்று ஒரு தடவை பரணைப் பார்த்தார். நாய் மூக்கைத் தரையில் ஒட்டிக்கொண்டு இழுத்தது. வேலி தாண்டி, ஓடை தாண்டி, முள்புதர் கிழித்து, ஒரு சொட்டு இங்கே, ஒரு சொட்டு அங்கே என்று முக்கால் மணி நேரம். விழுந்து கிடந்த எல்ம் மரத்தின் அடியில் நாய் நின்றுவிட்டது. மான் படுத்திருந்தது. உயிர் போய் வெகு நேரமாகியிருக்காது.

ஆர்வின் மண்டியிட்டு அதன் கழுத்தில் கை வைத்தார். இன்னும் லேசாகச் சூடு இருந்தது. காலையிலிருந்து இது இங்கே தனியாகக் கிடந்து துடித்திருக்கிறது, அந்த நேரத்தில் நான் சமையலறையில் சட்டம் பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. நிஜமான வெட்கம்.

“நாப்பத்துமூணு, டெல்மர்.”

“நாப்பதுன்னு நெனச்சேன். ஒரு கொம்பைப் புடி. இருட்டறதுக்குள்ள இழுத்துடலாம்.”

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் நான் சொல்லவந்தது கதை அல்ல, ஒரு ஜாதி மனுஷரைப் பற்றி.

அடுத்த வெள்ளிக்கிழமை ரோஸி கடையில் ஆர்வின் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். நாற்பத்து மூன்றை ஒளிக்காமல் சொன்னார். போன வருஷம் பேசியதற்கு டெல்மரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். ரோஸி வந்து அவர் தோளைத் தட்டி, இப்படி ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும் என்றார். நாலு பேர் கைகொடுத்தார்கள். பிராந்தி ஒன்று இலவசமாக வந்தது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அதற்கும் அடுத்த வெள்ளிக்கிழமை கென்னி என்கிற தச்சர், பெட்டை மான் ஒன்று அடித்தேன் என்று சொல்லி வாய் மூடவில்லை. ஆர்வின் குவளையைக் கீழே வைத்தார்.

“என்ன தப்பு நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல. பதினஞ்சு கஜம். அங்கயே விழுந்துருச்சு.”

“நல்லா யோசிச்சுப் பாரு, கென்னி. எல்லாருமே ஏதோ ஒண்ணை மறைக்கிறோம். நான் ஒத்துக்கலயா? தப்பை ஒத்துக்கறதுக்கும் ஒரு முறை இருக்குப்பா. ஒத்துக்காதவன் வேட்டைக்காரனே இல்ல.”

நாற்பது நிமிஷம். கென்னியின் மீன் ஆறிப்போனது. பக்கத்து மேஜையில் டெல்மர் ஒரு துண்டு மீனைக் காகிதக் கைக்குட்டையில் நாய்க்கென்று மடித்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும்போது உங்கள் மனசில் ஒரு முகம் வந்திருக்குமே. மைத்துனரோ, மேலதிகாரியோ, மாடி வீட்டுக்காரரோ. அவருக்கு இதை அனுப்பினால் என்ன என்று கைகூட அரித்திருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார், அப்படியே அவன்தான் என்பார், வேறு யாரையோ நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் படித்துக் காட்டுவார். அது இருக்கட்டும். இதைப் படித்துப் பாருங்கள் என்று உங்களிடம் கொடுத்தது யார்?