சாப்பாட்டு மேசையில் ஒரு கூட்டாட்சி

நாடமைப்பாளர் என்றோர் இனம் உண்டு. இத்தாலியின் பலேர்மோ நகரில் ஈழத்தமிழர் நாலுபேர் கூடுமிடத்தில் ஒருவராவது தென்படுவார். பகலில் சிஞ்ஞோரா என்கிற இத்தாலிய எசமானி வீட்டுப் பளிங்குத் தரையைத் துடைப்பார். மாலையானதும், இலங்கையின் வடக்கும் கிழக்கும் தெற்கும் மனமொத்து மீண்டும் ஒரே நாடான மறுநாள் காலை யார் யாரை ஆளவேண்டும், காணி யாருக்கு, காவல்துறை யாருக்கு, மேல்சபைக் கதிரைகளுக்கு என்ன நிறத்தில் துணி என்பதுவரை தீர்த்துவைப்பார். நாடு இன்னும் மனமொத்துச் சேரவில்லையே என்கிறீர்களா? அது சில்லறை விஷயம். மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் செல்வராசா அண்ணை இந்த இனத்தின் கலப்பில்லாத மாதிரி. போர்கோ வெக்கியோ சந்தையில் சாளை மீன் வாங்கப் போனால், மீன்பிடி அதிகாரம் மத்திய அரசுக்கா மாகாணத்துக்கா என்று பின்னால் நிற்பவரைப் பிடித்துக்கொள்வார். மீன்காரன் கத்தியோடு காத்திருப்பான். வீட்டிலோ சோற்றுச் சட்டி தலைநகர், பருப்பு நாடாளுமன்றம், ஊறுகாய் ஆளுநர். பசியோடு மனைவி சந்திரமதி பருப்பில் கரண்டியை வைத்தால், "ஐயோ, சபையைக் கலைச்சுப்போட்டீர்!" என்பார்.

எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "அவசரப்பட்டு முடிவெடுக்கேலாது."

மகள் நிலக்ஷிக்கு வடக்கே ஜெனோவா நகரில் தாதி வேலை கிடைத்தது. போகட்டுமா என்று போன மாதமே கேட்டாள். நாளைக்குக் கப்பல். பதில்தான் வரவில்லை.

"அப்பா, ஓமோ, இல்லையோ?"

"பிள்ளை, இது ஒராள் முடிவெடுக்கிற விசயமில்லை. அம்மாவின்ரை கருத்தென்ன?"

"நான் எப்பவோ ஓம் எண்டிட்டன்," என்றார் சந்திரமதி.

"அப்ப ஒரு நடுவர் மன்றம்..."

"வீட்டிலை மூண்டுபேர்தானேயப்பா!"

"சின்ன நாடுகளுக்குத்தான் பாதுகாப்புக் கூட வேணும்."

நிலக்ஷி தட்டைத் தள்ளிவைத்தாள். "உங்கடை சட்டத்திலை ஒரு மாகாணம் விலகிப் போகலாமோ?"

அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டில் எவரும் இப்படிக் கேட்டதில்லையே! "ஓமோம், தாராளமாய். கட்டிவைச்சிருக்கிறதுக்குப் பேர் ஒற்றுமையோ?"

"அப்ப நான் போறன்."

"அது மாகாணங்களுக்கு! பிள்ளையளுக்கில்லை!"

சந்திரமதி தலைநகரை இழுத்துத் தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் துறைமுகத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனவர் அண்ணைதான். 'ஓம்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. கப்பல் நகர்ந்து, நிலக்ஷியின் கையசைப்பு மறைந்தபிறகு தொண்டையைச் செருமினார்.

"இனி எங்களுக்கும் ஒரு கூட்டாட்சி ஏற்பாடு வேணும் சந்திரா. மாகாணம் மத்திக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுக்கவேணும் எண்டு முதல் விதி."

"முதல்லை கண்ணைத் துடையுங்கோ," என்றார் சந்திரமதி.

சிரிக்கிறீர்களா, வாசகரே? நன்று. ஆனால் இந்த விஷயத்தில் தாய்க்கு எவ்வளவு அதிகாரம், தகப்பனுக்கு எவ்வளவு என்று இதற்குள் உங்கள் மனது பங்குபிரிக்கத் தொடங்கியிருந்தால், தயவுசெய்து எழுந்துபோய் உங்கள் பிள்ளையின் அறையை ஒருதடவை எட்டிப்பாருங்கள். அங்கே யாராவது சத்தமில்லாமல் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கக்கூடும்.