ஸ்கான் சாமியாரும் சீனிப் பேயும்

சுன்னாகத்தில் அந்த மாதம் வெங்காயத்தைவிட வேகமாக விலைப்பட்டது பேய்தான்.

சந்தைக்கு அங்கால் ஒரு கலியாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஸ்ரீலஸ்ரீ ஒளியானந்தர் என்றொருவர் எழுந்தருளியிருந்தார். அந்தப் பெயர் ஊரின் வாய்க்கு நீளமாக இருந்தது. 'ஸ்கான் சாமியார்' என்று வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். மற்றச் சாமியார்கள் பேய் பிடித்திருக்கிறது என்று வாயால்தான் சொல்வார்கள். இவர் திரையில் காட்டினார்! உலகம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. பேய் மட்டும் புளியமரத்திலேயே கிடந்து காயவேண்டுமா?

மேடை நடுவில் ஒரு கமரா. அதற்குப் பட்டுச் சால்வை, சந்தனப் பொட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலை. கமராவுக்குக் கழுத்து எது என்று எவரும் கேட்கவில்லை; மாலை தொங்கிய இடம்தான் கழுத்து. பின்னால் சுவரளவு திரை. ஒரு மூலையில் மஞ்சள் துணியால் மறைத்த 'மூலஸ்தானம்'. அதற்குள் சாமியாரின் குலதெய்வம் இருப்பதாகக் கேள்வி. குலதெய்வத்துக்கு இரண்டு மின்சார வயர் எதற்கு என்றும் எவரும் கேட்கவில்லை.

பிணியாளர் சிவப்புக் கம்பளத்தில் ஏறி நிற்பார். திரையில் அவருடைய உருவம் தெரியும். சாமியார் மணி அடித்ததும் அந்த உருவத்தின் தோள்களிலிருந்து கரும்புகை கிளம்பும். புகைக்குள் இரண்டு சிவப்புக் கண்கள் திறக்கும். சனம் "ஐயோ!" என்று அலறும். சாமியார் வேப்பிலையால் விளாசுவார். புகை வெள்ளையாகிக் கலைந்து போகும். சனம் "அரோகரா!" என்று கத்தும். அதன்பிறகு உண்டியல் கம்பளத்தில் ஏறும்.

கலியாணத் தடைப் பேய், சோதனையில் கோட்டை விடவைக்கும் பேய், கனடா விசாவைத் தட்டிவிடும் பேய் என்று ஆளுக்கேற்ற பேய் இருந்தது. பேய்களுக்கும் வேலைப்பிரிவு உண்டு என்று கற்றவர்களும் தலையாட்டினார்கள்.

பஞ்சலிங்கத்துக்குக் கிடைத்தது சீனிப் பேய்.

பஞ்சலிங்கம் ஏழாலையில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். பல வருடமாகச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. தினமும் ஊசி போடவேண்டும். அவருடைய மனைவி அருமைநாயகி நல்ல மனுசி. யார் எதைச் சொன்னாலும் நம்புவதுதான் அவளுடைய ஒரே பிழை. பேய் கலைந்ததைத் திரையில் கண்டவள், வீட்டுக்கு வந்ததும் ஊசிமருந்தைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

"உங்களுக்கு வருத்தமே இல்லையாம். உள்ளுக்கை இருந்த பேய்தான் இனிப்புக் கேட்டதாம். இனி நீங்கள் வடிவாச் சாப்பிடலாம்" என்றாள்.

இப்படி ஒரு தீர்ப்புக்காக எவ்வளவோ காலம் காத்திருந்த பஞ்சலிங்கம், அன்றைக்கே லட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

இதைக் கேள்விப்பட்டதும் அவருடைய தங்கை றஜிதா, அந்தச் சாமியாரை நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தாள். றஜிதாவின் தொழிலே திரையில் இல்லாததை இருப்பதாகக் காட்டுவதுதான். கலியாண வீடியோவில் மணப்பெண் தலையில் பூ மழை பொழியவைப்பாள். விளம்பரத்தில் மாம்பழச் சாற்றை அலையாக எழுப்புவாள். நெருப்பு, மழை, மின்னல் எல்லாம் அவளுடைய கொம்பியூட்டரில் விரல் நுனியில் கிடந்தன. அப்படிப்பட்டவள் ஒருநாள் மண்டபத்தில் போய்ச் சனத்தோடு சனமாக இருந்து பார்த்தாள்.

பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேடையில் பெரிய மின்விசிறி ஓடியது. சாம்பிராணிப் புகை அதன் காற்றில் ஒரு பக்கமாகப் பறந்தது. பேயின் புகையோ காற்றைச் சட்டை செய்யாமல் நேரே மேலே போய், இடப்பக்கம் ஒரு சுழி சுழித்தது. அடுத்த ஆளுக்கும் அதே சுழி. அதற்கடுத்த ஆளுக்கும் அதே இடத்தில் அதே சுழி. நடுவில் ஒரு கிழவர் அழுகை தாங்காமல் சால்வையால் முகத்தை மூடினார். பேய் சட்டென்று மறைந்தது. சால்வையை எடுத்தார், பேய் திரும்பி வந்தது.

"பேய் வெக்கப்படுது!" என்றார் சாமியார். சனம் கைதட்டியது.

பேய் பிடிப்பது ஆளை அல்ல, முகத்தை என்று றஜிதாவுக்கு விளங்கிவிட்டது. கமராவில் முகம் ஒன்று அகப்பட்டால், கொம்பியூட்டர் அதைக் கண்டுபிடித்து, முன்கூட்டியே செய்து வைத்த புகையை அதன் பின்னால் ஒட்டிவிடும். அவ்வளவுதான் அருள்.

அன்று பின்னேரமே அவள் அண்ணன் வீட்டில் தன்னுடைய மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். ஆடுபுலியாட்டம் ஆடுகிற நேரத்துக்குள் பஞ்சலிங்கத்தின் தோளில் புகை கிளம்பியது. சிவப்புக் கண் வேண்டாமென்று பச்சைக் கண் வைத்தாள்.

"பாருங்கோ மச்சாள். பேயுமில்லை, பிசாசுமில்லை. உது நான் செய்தது."

அருமைநாயகி திரையைப் பார்த்தாள், றஜிதாவைப் பார்த்தாள். மெல்ல எழுந்து வந்து கைகூப்பினாள்.

"என்ரை பிள்ளை, உனக்கும் அருள் வந்திட்டுதே!"

மறுநாள் காலையில் றஜிதாவின் வாசலில் மூன்று குடும்பம் வந்து நின்றது. ஒரு தாய் தன் மகளுக்கு ஒரு ஸ்கான் எடுத்துத் தரும்படி கேட்டாள். பச்சைக் கண் பேய்தான் கூடுதலாகப் பலிக்குமாம்.

றஜிதா சிரித்து முடிப்பதற்குள் பஞ்சலிங்கம் தோட்டத்தில் விழுந்தார். தண்ணீர் இறைத்த வாய்க்காலில் குப்புறக் கிடந்தவரை அக்கம்பக்கத்தார் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீனி தலைக்கு மேலே ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் மிஞ்சியிருக்காது என்று டொக்டர் ஏசினார். அருமைநாயகி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பஞ்சலிங்கம் கண் விழித்ததும் அவள் ஓடியது சாமியாரிடம்தான்.

"ஆஸ்பத்திரியிலை ஊசி போட்டியள். ஊசி போட்ட ஓட்டையாலை பேய் திரும்ப உள்ளுக்கை போயிட்டுது" என்றார் அவர். "ஊசியை விடுங்கோ. ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இந்தமுறை பெரிய பூசை."

அவள் கழுத்திலிருந்த சங்கிலியை அவர் பார்த்த பார்வையிலேயே பூசையின் அளவு தெரிந்தது.

அன்றிரவு முழுதும் யோசித்துவிட்டு அவள் றஜிதாவிடம் வந்தாள். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அவர் செத்துப் போவாரோ எண்டு பயமாக் கிடக்கு. ஊசியை விட்டாலும் பயம், விடாட்டிலும் பயம்."

றஜிதா கொம்பியூட்டரைத் திறக்கவில்லை. "மச்சாள், ஒண்டு கேக்கிறன். படத்துக்குப் பேய் பிடிக்குமோ?"

"உயிருள்ள ஆக்களுக்குத்தானே பேய் பிடிக்கும்? கடதாசிக்கு என்னண்டு பிடிக்கும்?"

"கடதாசிக்குப் பிடிச்சால்?"

அருமைநாயகி கழுத்துச் சங்கிலியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். "பிடிச்சால் உன்ரை சொல்லைக் கேக்கிறன்" என்றாள்.

பெரிய பூசையன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. பெரிய பூசை என்றால் பெரிய பேய் வருமென்று பருத்தித்துறையிலிருந்தும் சனம் வந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஞ்சலிங்கத்தைக் கதிரையில் இருத்தினார்கள். மணி அடித்தது. புகை எழுந்து இடப்பக்கம் சுழித்தது. சாமியார் வேப்பிலையை ஓங்கினார்.

"சாமி, கொஞ்சம் பொறுங்கோ" என்று றஜிதா கம்பளத்தில் ஏறினாள். அவள் கையில் சட்டம் போட்ட படம் ஒன்று இருந்தது. மண்டப வாசலில் விற்கிற படம்தான். ஒளியானந்தர் ஒரு கையைத் தூக்கி ஆசீர்வதிக்கிற படம். அதைத் தமையனின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

பஞ்சலிங்கத்தின் பேய் காணாமல் போனது. அடுத்த கணம் அது படத்திலிருந்த சாமியாரின் தோளில் ஏறிக் கண்ணைத் திறந்தது.

சனம் எழும்பி நின்று திரையைப் பார்த்தது.

"ஆ! பேய் பயந்து என்ரை படத்துக்குள்ளை ஒளிச்சிட்டுது!" என்று சாமியார் சமாளித்தார். பாதிச் சனம் "அரோகரா!" என்றது. நம்புவது என்று முடிவெடுத்தவனை அசைப்பது அவ்வளவு சுலபமா?

அப்போதுதான் அருமைநாயகி எழுந்தாள். அந்த மண்டபத்தில் அவளைப்போல நம்பியவர் ஒருவரும் இல்லை. அவளைப்போலக் கோபம் வந்தவரும் ஒருவரும் இல்லை. நேரே கமராவிடம் போனாள். பட்டுச் சால்வையை உருவி எறிந்தாள். கமராவைப் பிடித்து ஒரே திருப்பாகச் சாமியாரின் பக்கம் திருப்பினாள்.

திரை நிறையச் சாமியார். அவருடைய இரண்டு தோளிலும் கரும்புகை. புகைக்குள் சிவப்புக் கண்கள்.

"சாமிக்கு என்ன பேய்?" என்று அவள் கேட்டாள். "சொல்லுங்கோ. என்ரை மனுசனுக்குச் சீனிப் பேய். உங்களுக்கு என்ன பேய்?"

சாமியார் வேப்பிலையால் தன் முகத்தை மூடினார். பேய் மறைந்தது. இலைக்கு நடுவால் எட்டிப் பார்த்தார். பேய் வந்தது. மூடினார், மறைந்தது. பார்த்தார், வந்தது. முன்வரிசையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது.

"நிப்பாட்டு! எல்லாத்தையும் நிப்பாட்டு!" என்று சாமியார் மூலஸ்தானத்தைப் பார்த்துக் கத்தினார்.

குலதெய்வம் பதறிப்போய் எதையோ மாற்றி அழுத்திவிட்டது. பேய் போனது. அதற்குப் பதிலாகச் சாமியாரின் தலையில் ரோசாப்பூ மழை பொழிந்தது. இரண்டு வெள்ளைப் புறாக்கள் பறந்து வந்து அவர் தோளில் குந்தின. சிவப்பு இதயங்கள் மிதந்தன. நெற்றிக்கு நேரே தங்க எழுத்தில் 'இனிய திருமண வாழ்த்துகள்' என்று மின்னியது.

றஜிதா மஞ்சள் துணியை இழுத்துவிட்டாள். உள்ளே வழுக்கைத் தலையோடு ஒருவர், வியர்த்து வழிந்தபடி, கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு ஆளைத் தெரியும். கலியாண வீடியோ எடுத்துத் திரிந்த ஆழ்வாப்பிள்ளை.

"ஆழ்வாப்பிள்ளை அண்ணை, நீங்களோ?"

"என்ன பிள்ளை செய்யிறது?" என்றார் அவர். "கலியாண வீடெண்டால் வருசத்திலை கொஞ்ச நாள்தான். பேய்க்கு நாள் நட்சத்திரம் பார்க்கத் தேவையில்லை."

சனம் இதைக் கேட்டு முடிப்பதற்குள் சாமியார் பின்வாசலால் இறங்கிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டி ஓடியவரை வாழைத்தோட்டத்துக்குள் பிடித்தார்கள். பொலிஸ் வரும்வரை ஒளியானந்தர் முகத்தை மூடிக்கொண்டே இருந்தார். யாரோ கைபேசியால் படம் எடுக்கப் போனபோது, "கமரா வேண்டாம்" என்று கெஞ்சினார். பேய்க்குப் பயந்தவர் அந்த ஊரில் கடைசியில் அவர் ஒருவர்தான்.

அருமைநாயகி கணவனின் கையைப் பிடித்துப் படியிறக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று, அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நேரே ஆஸ்பத்திரிக்குப் போவம். டொக்டரிட்டைக் கேட்டு மருந்தைத் திரும்ப எடுப்பம்."

"லட்டு?" என்றார் பஞ்சலிங்கம், ஈனக் குரலில்.

அவள் பார்த்த பார்வையில் அந்த ஆசையும் ஓடிவிட்டது.

றஜிதா மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது, நன்றாக உடுத்திய ஒரு பெரிய மனிதர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நல்ல வேலை செய்தாய். உவன் சுத்தக் கள்ளன். அது சரி, உண்மையான பேய் ஸ்கான் எங்கை எடுக்கலாம்?"

"ஐயா, முதலிலை தலையை ஒருக்கால் ஸ்கான் எடுங்கோ" என்றாள் றஜிதா. "உள்ளுக்கை பேய் இருக்கோ எண்டு பார்க்க இல்லை. வேறை ஏதும் இருக்கோ எண்டு பார்க்க."