அறுபத்து நான்கு பேர்

நாற்பத்தோராவது பயணியின் பெயரை அடித்து முடித்ததும் திரையின் நடுவே சாம்பல் நிறப் பெட்டியொன்று வந்து குந்திக்கொண்டது.

"என்னவாம்?" என்று கேட்டாள் டிக்கெட் கொடுக்கும் ஸல்ஹா.

"ஞாபகம் போதாதாம்," என்றார் கிளாக்கர் இரத்தினசிங்கம்.

"ஆருக்கு?" உள்ளறையிலிருந்து படகு முதலாளி ஸைனுலாப்தீன் குரல் கொடுத்தார். "வாங்கி நாலு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள மறதியா?"

மணி ஒன்று இருபது. மூதூர்ப் படகு இரண்டுக்குப் புறப்பட வேண்டும். காலையில்தான் இறங்குதுறைக் கடற்படைச் சாவடியிலிருந்து அரைகுறைத் தமிழில் தொலைபேசி வந்திருந்தது: "இண்டைக்கு பேர் அடிச்சாத்தான் படகு போகலாம்." தொண்ணூற்றெட்டில், சண்டைக்கு நடுவே, சாவடியிடம் யார் எதிர்க்கேள்வி கேட்பது? அடிப்பதற்குத்தான் புதுக் கொம்பியூட்டர் இருக்கிறதே.

அறுபத்து நான்காவது பேர் இரத்தினசிங்கத்தினுடையது. நாளைக் காலை மூதூருக்கு அப்பால் ஈச்சிலம்பற்றில் அவருக்குக் கல்யாணம். இதை விட்டால் அடுத்த படகு வெள்ளிக்கிழமைதான். நாற்பத்திரண்டு வயதில் அமைந்த பெண், வெள்ளிவரை காத்திருப்பாள் என்ற நம்பிக்கை அவருக்கில்லை.

"மற்றதுகளை மூடட்டாம்," என்று திறந்திருந்த இன்னொரு பக்கத்தை மூடினார். சேமிக்கவா என்று அது கேட்டது. பதற்றத்தில் வேண்டாமென்று அமுக்கிவிட்டார். முதல் இருபது பேர் அதற்குள்தான் இருந்தார்கள்.

"இப்ப ஆருக்கு ஞாபகம் போதாது?" என்றார் முதலாளி.

இருபதையும் திரும்ப அடித்து ஐம்பதைத் தொட்டபோது பெட்டி மறுபடி வந்தது.

"பேரெல்லாம் ரயில் மாதிரி நீளமா இரிக்கி. சுருக்குங்க, தம்பி!" என்றார் முதலாளி.

கனகசுந்தரம் சுந்தரமானார். ஞானசுந்தரமும் சுந்தரமானார். பாக்கியரத்தினம் பாக்கியமானதும், யன்னலில் நின்ற மீசைக்காரர் கத்தினார்: "ஐசே, பாக்கியம் என்ர மனுசியின்ர பேர்!"

மணி ஒன்று நாற்பத்தைந்து. மூன்றாம் தடவையும் பெட்டி. இரத்தினசிங்கத்துக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. தாளின் தலைப்பில் பூக்கரைக்கு நடுவே பெரிய எழுத்தில் படகின் பெயர்: மைமூனா.

"முதலாளி, இந்தப் பூவும் பெரிய எழுத்தும்தான் ஞாபகத்தைத் தின்னுது. எடுக்கட்டோ?"

"அது என்ட உம்மாட பேர், தம்பி. போன மாசம் நீலப் பெயின்ட் பூசக்குள்ள படகிலயும் மறைஞ்சு போச்சு. கடதாசியிலயும் அழிக்கவா?"

"நாளைக்கு எனக்குக் கல்யாணம், முதலாளி!"

முதலாளி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "எடுங்க."

அறுபத்து மூன்று பேரை மெஷின் ஏற்றுக்கொண்டது. சொந்தப் பெயரின் முதலெழுத்தை அடித்ததும் பெட்டி வந்தது. இருப்பதை அச்செடுத்து, அடியில் தன் பெயரைப் பேனையால் எழுதிக்கொண்டு பாய்ந்தார்.

"பேனையால எழுதினா விடமாட்டானுகள்!" என்ற முதலாளியின் குரல் பின்னால் துரத்தியது.

சாவடியில் ஒன்று ஐம்பத்தாறு. கடற்படைச் சிப்பாய் தாளை வாங்கினார். மேலிருந்து கீழே வந்த விரல் கடைசி வரியில் நின்றது.

"சேர், அது நான்தான். மெஷின் என்ர பேரை மட்டும் எடுக்குதில்ல. நாளைக்குக் கல்யாணம்..."

சிப்பாய் தாளைத் திருப்பிக் கொடுத்தார். வெறும் நீலமாக நின்ற படகின் முகப்பைக் கை காட்டினார்.

"ஆக்கள்ட பேர் இல்ல, ஐயா. படகுட பேர். கொம்பியூட்டர்ல இல்ல, பெயின்ட்ல!"